சுமை இழுக்கும் வண்டியின் கியர்ப் பெட்டி



அமெரிக்க ஐக்கிய நாட்டின் நெடுஞ்சாலைகளில் கோடை விடுமுறைக் காலத்தில் அடிக்கடி காணக்கூடிய காட்சி ஒன்று உண்டு. முன்புறம் நால்வர் ஐவர் அமரும் அறையும், பின்புறம் திறந்த சுமைத் தொட்டியும் கொண்ட மோட்டார் வண்டி ஒன்று செல்லும். அதனைப் பிக்கப் என்று அந்நாட்டார் அழைப்பர். அவ்வண்டியின் பின்னால் கொளுவப்பட்டு, டிரெய்லர் எனப்படும் இழுவண்டி ஒன்று வரும். அதன்மேல் ஒரு படகு இருக்கலாம்; உள்ளே இரண்டு குதிரைகள் நிற்கலாம்; வைக்கோற் கட்டுகள் அடுக்கப்பட்டிருக்கலாம்; அல்லது அடுப்பும் படுக்கையும் அமைந்த ஒரு சிறு வீடே சக்கரங்களின்மேல் ஊர்ந்து வரலாம். உழவர், தச்சர், குதிரை வளர்ப்போர், விடுமுறையைக் கழிக்கச் செல்லும் குடும்பத்தார் என எத்தனையோ பேருடைய பிழைப்பும் மகிழ்ச்சியும் அந்த ஒரு வண்டியை நம்பியிருக்கின்றன.

இவ்வாறு சுமை இழுக்கும் வண்டியில் முதலில் பழுதுறும் பெரிய உறுப்பு பெரும்பாலும் எஞ்சின் அன்று. எஞ்சினுக்கும் சக்கரங்களுக்கும் இடையே அமர்ந்திருக்கும் தானியங்கிக் கியர்ப் பெட்டியே ஆகும். அஃது ஏன் பழுதுறுகிறது, அதனை நெடுநாள் உழைக்கச் செய்வது எவ்வாறு என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். இது ஒரு வண்டிக்காரர் மட்டும் அறியவேண்டிய செய்திபோலத் தோன்றலாம். ஆனால் உங்கள் பாடப் புத்தகத்தில் நீங்கள் படிக்கும் ஆற்றல் அழியா விதி, உயிருள்ள ஓர் உண்மையாக வந்து நிற்பதை இதில் காணலாம்.

முதலில், கியர்ப் பெட்டி எதற்கு என்று பார்ப்போம். நிற்கும் பார வண்டியை நகர்த்துவதற்கு மாடுகள் எவ்வளவு முயல்கின்றன என்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். கழுத்தை வளைத்து, காலை ஊன்றி, முழு வலிமையையும் செலுத்திய பின்னரே சக்கரம் அசையும். அசைந்துவிட்டாலோ அதே மாடுகள் எளிதாக நடந்து செல்லும். மாட்டுக்கு உள்ள இந்தத் திறமை பெட்ரோல் எஞ்சினுக்கு இல்லை. அது மெதுவாகச் சுழலும்போது அதனிடம் வலிமை குறைவு. நின்றுவிட்டால் வலிமையே இல்லை. ஆகவே, எஞ்சின் வேகமாகச் சுழலும்போதே சக்கரம் மெதுவாகவும் வலிமையுடனும் சுழல வேண்டும். அதற்கு இடையில் பற்சக்கரங்கள் தேவை. பழைய வண்டிகளில் கிளட்ச் மிதியைக் காலால் அழுத்தி, கையால் தண்டை நகர்த்திக் கியர் மாற்றினர். அவ்வேலையைத் தானாகவே செய்வதுதான் தானியங்கிக் கியர்ப் பெட்டி.

இதன் வரலாறு சுவையானது. ஜெர்மானியப் பொறியாளரான ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்பவர் 1905-ஆம் ஆண்டில், பற்சக்கரமின்றி ஒரு நீர்மத்தின் வாயிலாகவே ஆற்றலைச் செலுத்தும் முறைக்கு உரிமை பெற்றார். அவர் கருதியது மோட்டார் வண்டியையன்று, கப்பலை. வேகமாகச் சுழலும் நீராவிச் சுழலியை, மெதுவாகச் சுழல வேண்டிய கப்பலின் உந்துசக்கரத்தோடு இணைப்பதே அவர் நோக்கம். கப்பலுக்காகப் பிறந்த அக்கருத்து பிற்காலத்தில் தெருவுக்கு வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தார் ஹைட்ரா-மேட்டிக் என்னும் தானியங்கிக் கியர்ப் பெட்டியை 1940-ஆம் ஆண்டுக்கான ஓல்ட்ஸ்மொபில் வண்டிகளில் விற்பனைக்குக் கொண்டுவந்தனர். இரண்டாம் உலகப் போரில் அதே கியர்ப் பெட்டி அமெரிக்காவின் எம்-5 என்னும் இலகுரக டாங்கியிலும் பொருத்தப்பட்டது. போருக்குப் பின், 1953, 1954-ஆம் ஆண்டுகளில் ஃபோர்டு, செவர்லே நிறுவனங்களின் பிக்கப் வண்டிகளிலும் தானியங்கிக் கியர் இடம்பெற்றது. இன்று அந்நாட்டில் விற்கும் புதிய பிக்கப் வண்டிகளில் மிகப் பெரும்பாலானவை தானியங்கிகளே. அவற்றுள் சில 10 கியர்கள் கொண்டவை.

இனி, அப்பெட்டியின் உள்ளே சற்று நுழைந்து பார்ப்போம். இரண்டு மேசை மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து, ஒன்றை மட்டும் ஓடவிடுங்கள். அதிலிருந்து வரும் காற்று மற்றதன் இதழ்களையும் சுழற்றும். இரண்டுக்கும் இடையே கயிறோ கம்பியோ இல்லை. காற்றே ஆற்றலைக் கொண்டுசெல்கிறது. காற்றுக்குப் பதிலாக எண்ணெயை நிரப்பி, இரண்டு விசிறிகளையும் ஒரே கூட்டுக்குள் அடைத்துவிட்டால், அதுவே டார்க் கன்வர்ட்டர் என்னும் திருப்புவிசை மாற்றியின் அடிப்படை. எஞ்சினோடு இணைந்த விசிறி எண்ணெயை வீசுகிறது. கியர்ப் பெட்டியோடு இணைந்த விசிறி அவ்வீச்சை வாங்கிச் சுழல்கிறது. இடையே மூன்றாவதாக ஒரு சிறு விசிறி உண்டு. திரும்பிவரும் எண்ணெயின் திசையை மாற்றி, முதல் விசிறிக்கு மீண்டும் துணைசெய்யுமாறு அனுப்புவது அதன் பணி. இந்த உபாயத்தால், வண்டி புறப்படும் நேரத்தில் எஞ்சினின் திருப்புவிசை ஏறத்தாழ இரு மடங்காகப் பெருகுகிறது. சுமையோடு நிற்கும் வண்டி அதிர்ச்சியின்றி நகர்வதற்குக் காரணம் இதுவே.

ஆனால் இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. மின்விசிறிச் சோதனையை மீண்டும் நினைத்துப் பாருங்கள். இரண்டாவது விசிறி முதல் விசிறியின் வேகத்தை ஒருபோதும் எட்டுவதில்லை. எப்போதும் சற்றுப் பின்தங்கியே சுழலும். இப்பின்தங்கலை நழுவல் என்கிறோம். முதல் விசிறி கொடுத்த ஆற்றலில் நழுவலால் இழந்த பகுதி எங்கே போயிற்று? ஆற்றல் அழிவதில்லை என்று படித்திருக்கிறோம். அது முழுவதும் எண்ணெயில் வெப்பமாக மாறிவிட்டது. அந்த வெப்பமே கியர்ப் பெட்டியின் பகைவன்.

இந்த இழப்பைத் தவிர்க்கும் வழியையும் பொறியாளர்கள் கண்டனர். வண்டி வேகம் பெற்றபின் இரண்டு விசிறிகளையும் ஒரு கிளட்சினால் இறுகப் பிணைத்துவிட்டால் நழுவல் ஏது? பேக்கார்டு என்னும் நிறுவனத்தார் 1949-ஆம் ஆண்டிலேயே இத்தகைய பூட்டுக் கிளட்சைத் தம் வண்டியில் அமைத்தனர். 1970-களில் எரிபொருளின் விலை ஏறியபின் அது மற்ற நிறுவனங்களிலும் பரவியது. பூட்டு விழுந்திருக்கும்போது எண்ணெய் குளிர்கிறது. பூட்டு திறந்தவுடன் மீண்டும் காய்கிறது. இந்த ஒரு செய்தியை மனத்தில் இருத்திக்கொண்டால், பின்னால் நான் கூறப்போகும் அறிவுரைகளில் பாதி தாமாகவே விளங்கிவிடும்.

திருப்புவிசை மாற்றிக்குப் பின்னால் பற்சக்கரங்கள் உள்ளன. நடுவில் ஒரு சூரியச் சக்கரம், அதைச் சுற்றி வரும் கோள் சக்கரங்கள், அவற்றைத் தழுவிய வளையச் சக்கரம் என்று அவை அமைந்திருக்கும். இம்மூன்றில் எதைப் பிடித்து நிறுத்துகிறோம், எதை ஓட்டுகிறோம் என்பதைப் பொறுத்துக் கியர் மாறும். பிடித்து நிறுத்துபவை மெல்லிய வட்டத் தட்டுகளாலான கிளட்சுகள். அத்தட்டுகளின் உராய்வுப் பரப்பு எதனால் ஆனது தெரியுமா? பிசின் ஏற்றிய, காகிதம் போன்ற நார்ப்பொருளால் ஆனது. பல ஆயிரம் கிலோ எடையை மலைமேல் ஏற்றும் வண்டியின் பிடிமானம், எண்ணெயில் நனைந்த காகிதத்தை நம்பியிருக்கிறது. எண்ணெயின் அழுத்தம் சரியாக இருக்கும்வரை அக்காகிதம் இரும்பைப்போல் பிடிக்கும். அழுத்தம் குறைந்து தட்டு ஒருமுறை வழுக்கத் தொடங்கினால், வழுக்கலால் வெப்பம், வெப்பத்தால் மேலும் வழுக்கல் என்று சிறிது நேரத்தில் கருகிவிடும்.

ஆகவே, கியர்ப் பெட்டியின் உயிர் எண்ணெயில் இருக்கிறது. ஒரே எண்ணெய் எத்தனை வேலைகளைச் செய்கிறது பாருங்கள்! ஆற்றலைக் கொண்டுசெல்கிறது, பற்சக்கரங்களுக்கு வழவழப்புத் தருகிறது, கிளட்சுகளை அழுத்திப் பிடிக்கிறது, வெப்பத்தைச் சுமந்துசென்று வெளியேற்றுகிறது. இவற்றுக்கெல்லாம் மேலாக, தட்டுகள் அதிராமலும் வழுக்காமலும் பற்றுவதற்கு வேண்டிய அளவான உராய்வையும் அதுவே தருகிறது. இந்த நுட்பமான குணத்துக்காக, ஒரு காலத்தில் ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெயை இதில் கலந்தார்கள். 1970-களின் தொடக்கத்தில் அத்திமிங்கிலத்தைக் காக்க அமெரிக்காவில் சட்டம் வந்தபோது, வேறு பொருள்களைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. இன்று திமிங்கிலத்துக்கும் கியர்ப் பெட்டிக்கும் தொடர்பில்லை.

இப்போது சிறிது கணக்குப் போடுவோம். வண்டியும் சுமையும் சேர்ந்து 6,000 கிலோ என்று கொள்வோம். நூறு அடி செல்லும்போது ஐந்து அடி உயரும் சாலையில், மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவதாகக் கொள்வோம். எடையை உயர்த்துவதற்கு மட்டும் ஏறத்தாழ 73 கிலோவாட் தேவை. காற்றின் தடையையும் சக்கரத்தின் தடையையும் சேர்த்தால் 100 கிலோவாட் என்று வைத்துக்கொள்ளலாம். திருப்புவிசை மாற்றி பூட்டப்படாமல் நழுவி, அதில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு இழப்பு நேர்ந்தால், 15 கிலோவாட் எண்ணெயில் வெப்பமாகச் சேரும். ஒரு கிலோவாட் மின்னடுப்புகள் பதினைந்தை ஒரே எண்ணெய்க் குடத்துக்குள் இறக்கியதற்கு இது சமம். பெட்டியில் உள்ள எண்ணெய் 10 லிட்டர் என்று கொண்டால், வெளியேற வழியில்லாத அந்த வெப்பம் ஒரே நிமிடத்தில் எண்ணெயின் சூட்டை ஏறத்தாழ 50 டிகிரி உயர்த்திவிடும். மலையேற்றமோ ஒரு நிமிடத்தில் முடிவதன்று. கால் மணி நேரம் நீடிக்கலாம்.

எண்ணெய் எவ்வளவு சூட்டைத் தாங்கும்? அமெரிக்கப் பணிமனைகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் ஒரு தோராய விதி உண்டு. எண்ணெய் 80 டிகிரி சென்டிகிரேடில் இருக்குமானால் 1,60,000 கிலோமீட்டர் வரை உழைக்கும். அதற்குமேல் ஒவ்வொரு 11 டிகிரிக்கும் அதன் ஆயுள் பாதியாகும். 91 டிகிரியில் 80,000 கிலோமீட்டர். 102 டிகிரியில் 40,000. 113 டிகிரியில் 20,000. ஏறத்தாழ 115 டிகிரியில் உறுப்புகளின்மேல் மெருகுபோன்ற ஒரு படலம் படியத் தொடங்கும். 127 டிகிரியை நெருங்கும்போது ரப்பர் அடைப்புகள் இறுகும். 146 டிகிரிக்கு அப்பால் தட்டுகள் வழுக்கும். இவை பழைய கனிம எண்ணெய்களை வைத்துக் கூறப்பட்ட எண்கள். இன்றைய செயற்கை எண்ணெய்கள் இதைவிட மிகுதியாகத் தாங்குகின்றன. எனினும் விதியின் போக்கு மாறவில்லை. சூடு சிறிது சிறிதாக ஏறும்; ஆயுளோ பாதி பாதியாகக் குறையும்.

நான் எந்திரப் பொறியியல் கற்பிப்பவன். மேற்படிப்புக்காகக் கொலராடோ மாநிலத்தில் தங்கியிருந்தபோது, விடுமுறை நாள்களில் ஒரு கியர்ப் பெட்டிப் பணிமனைக்குச் சென்று வேலை பார்ப்பது என் வழக்கம். பற்சக்கரம் முறிந்து அங்கு வந்த பெட்டிகள் மிகச் சில. எண்ணெய் கருகி வந்தவையே மிகப் பல. நல்ல எண்ணெய் மாதுளம்பழச் சாறுபோல் சிவந்திருக்கும். கெட்ட எண்ணெய் பழுப்பேறி, தீய்ந்த பண்டத்தின் நாற்றம் வீசும். அடித்தட்டைக் கழற்றினால் கரிய துகள்கள் சேறுபோல் படிந்திருக்கும். வைக்கோல் வாணிகர் இருவர் அங்கு வருவார்கள். இருவரும் ஒரே ஆண்டில் வாங்கிய ஒரே வகை வண்டியை வைத்திருந்தனர். இழுத்த சுமையும் ஏறக்குறைய ஒன்றே. ஒருவருடைய வண்டி எண்ணெய் மாற்றுவதற்கு மட்டுமே பணிமனைக்கு வரும். மற்றவருடைய வண்டியின் கியர்ப் பெட்டியை நான் இருந்த காலத்திலேயே இரண்டு முறை பிரித்துக் கட்ட வேண்டியதாயிற்று. இரண்டாம் முறை அவர் செலுத்திய தொகை, அந்தப் பருவத்தில் வைக்கோல் விற்று அவர் கண்ட இலாபத்தை விழுங்கிவிட்டது. வண்டி ஒன்று, சுமை ஒன்று, சாலை ஒன்று. ஓட்டிய முறை மட்டுமே வேறு. அந்த முதலாமவர் கடைப்பிடித்தவற்றையே இப்போது ஒவ்வொன்றாகக் கூறுகிறேன்.

முதலாவது, எடை. மயிலிறகே ஆயினும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. ஒவ்வொரு பிக்கப் வண்டிக்கும் வண்டி, ஆட்கள், இழுவண்டி, அதன்மேல் உள்ள சரக்கு ஆகிய அனைத்தும் சேர்ந்து எவ்வளவு இருக்கலாம் என்று ஓர் எல்லையை உற்பத்தியாளர் குறித்திருப்பர். முற்காலத்தில் இந்த எல்லையை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வகுத்துக்கொண்டது. 2008-ஆம் ஆண்டில் அமெரிக்க மோட்டார் பொறியாளர் சங்கத்தார் ஜே 2807 என்னும் பொது விதியை வெளியிட்டனர். அரிசோனா மாநிலத்தில் டேவிஸ் அணைக்கு அருகே தொடங்கும் 11.4 மைல் நீளமுள்ள ஏற்றச் சாலையே அதற்கு உரைகல். வெயில் 38 டிகிரிக்குக் குறையாத நாளில், வண்டிக்குள் குளிர்சாதனத்தை முழு அளவில் ஓடவிட்டு, முழுச் சுமையோடு அம்மலையில் ஏற வேண்டும். பின்னச்சில் இரட்டைச் சக்கரமில்லாத பிக்கப் வண்டி மணிக்கு 40 மைல் வேகத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. எந்த உறுப்பும் பழுதுறவும் கூடாது. இத்தேர்வில் தேறிய எடையே இன்று பெரும்பாலான நிறுவனங்கள் அறிவிக்கும் எடை. ஆனால் அந்த எல்லை ஒரு நாள் தேர்வுக்கு உரியது; அன்றாட வாழ்க்கைக்கு உரியதன்று. எல்லைக்குச் சற்றுக் கீழேயே நிற்பவனது வண்டி நெடுநாள் வாழும்.

இரண்டாவது, கியரைத் தேர்ந்தெடுத்தல். சமதரையில் எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக ஓவர்டிரைவ் என்னும் உயர் கியர் இருக்கிறது. அதில் எஞ்சின் மெதுவாகச் சுழலும். பாரத்தோடு ஏற்றத்தில் ஏறும்போது அந்தக் கியரில் எஞ்சினால் இழுக்க இயலாது. உடனே பூட்டு திறக்கும், கியர் கீழே இறங்கும், வேகம் சிறிது கூடியதும் மீண்டும் மேலே தாவும், மறுபடியும் இறங்கும். இந்த ஊசலாட்டம் ஒவ்வொன்றிலும் தட்டுகள் தேய்கின்றன, எண்ணெய் காய்கிறது. இதைத் தடுப்பதற்காகப் பழைய நான்கு கியர் வண்டிகளில் ஓவர்டிரைவை விலக்கி, மூன்றாம் கியரிலேயே ஓட்டுவர். இக்கால வண்டிகளில் சுமை இழுக்கும் நேரத்துக்கென்று தனியாக ஒரு பொத்தான் உண்டு. அதனை அழுத்தினால், கியர் அடிக்கடி மாறாது. பூட்டு முன்னதாகவே விழும். இறக்கத்தில் எஞ்சின் வண்டியை மட்டுப்படுத்தும். எஞ்சின் இரைகிறதே என்று அஞ்சிப் பலர் இப்பொத்தானைத் தொடுவதில்லை. எஞ்சின் சற்று வேகமாகச் சுழல்வதால் அதற்குக் கேடில்லை. அதனுடன் இணைந்த பம்பும் விரைந்து சுழன்று எண்ணெயை நன்றாகச் சுற்றச் செய்கிறது. காதுக்கு இன்பமான அமைதி, கியர்ப் பெட்டிக்கு நஞ்சாகலாம்.

மூன்றாவது, குளிர்வித்தல். காய்ந்த எண்ணெயைக் குழாய் வழியே ரேடியேட்டருக்குள் செலுத்திக் குளிரச் செய்வது வழக்கமான ஏற்பாடு. மலையேற்றத்தில் ரேடியேட்டர் நீரே கொதிநிலையை நெருங்கியிருக்கும்போது, அது எண்ணெயை எவ்வளவுதான் குளிர்விக்க முடியும்? ஆகவே, வண்டியின் முகப்பில் காற்றுப்படும் இடத்தில் எண்ணெய்க்கென்று தனியான குளிர்விப்பான் ஒன்றைப் பொருத்துவர். அதோடு, எண்ணெயின் வெப்பத்தைக் காட்டும் மானி ஒன்றும் ஓட்டுபவரின் கண்ணுக்கு எதிரே இருக்க வேண்டும். காய்ச்சலை அளக்காத மருத்துவரும், எண்ணெயின் சூட்டை அறியாத ஓட்டுநரும் ஒருவகையில் ஒப்பானவரே. மானியின் முள் ஏறுகிறதெனில், வேகத்தைக் குறைத்துக் கீழ்க் கியருக்கு வருவது முதல் மருந்து. அப்போதும் தணியவில்லையாயின், பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்தி, கியரைப் பார்க் நிலையில் வைத்து, எஞ்சினை நிறுத்தாமல் சற்று ஓடவிட வேண்டும். எஞ்சினை நிறுத்தினால் பம்பும் நிற்கும். பம்பு நின்றால் எண்ணெய் சுற்றாது. சூடு உள்ளேயே தங்கிவிடும்.

நான்காவதாகக் கூறவேண்டியது ஒரு தீய பழக்கத்தைப் பற்றியது. ஏற்றத்தில் நிற்க நேரும்போது, பிரேக்கை மிதிக்காமல் ஆக்ஸிலரேட்டரைச் சிறிது அழுத்தியே வண்டியை அந்தரத்தில் தாங்கி நிறுத்துவோர் உண்டு. அப்போது எஞ்சின் வேலை செய்கிறது, சக்கரமோ சுழலவில்லை. எஞ்சின் கொடுக்கும் ஆற்றலில் ஒரு பங்குகூடப் பயனாகாமல் முழுவதும் எண்ணெயைச் சுட வைக்கிறது. கணக்குப்படி இதனினும் பெரிய வீண் வேறில்லை. பிரேக்கை மிதித்து நிற்பதே முறை. அவ்வாறே, பின்னோக்கி நகரும் வண்டி முழுவதும் நிற்பதற்கு முன் முன்கியருக்குத் தள்ளுவதும் தட்டுகளின் ஆயுளைக் குறைக்கும்.

மலையில் உயரம் கூடக் கூடக் காற்று மெலிவதையும் நினைவில் கொள்ள வேண்டும். காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ கருவியில்லாத எஞ்சின், ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் தன் வலிமையில் நூற்றுக்கு மூன்று பங்கு இழக்கும். கொலராடோவில் மலையைக் குடைந்து செல்லும் ஐசனாவர் சுரங்கச் சாலை கடல் மட்டத்துக்கு மேல் 11,000 அடிக்கும் அதிகமான உயரத்தில் இருக்கிறது. அங்கே எஞ்சினின் வலிமையில் மூன்றில் ஒரு பங்கு மறைந்துவிடும். ஊரில் எளிதாக இழுத்த சுமை அங்கே மலையாகக் கனக்கும். கியர்ப் பெட்டி கீழ்க் கியரில் நெடுநேரம் உழைக்கும். இதை முன்னரே அறிந்தவர் அவசரப்படமாட்டார். வலப்பக்கத்து மெது வழியில் பொறுமையாக ஏறுவார்.

இதுவரை கூறியவை பொருளைக் காப்பதற்கு. இனிக் கூறுவது உயிரைக் காப்பதற்கு. ஏறிய மலையிலிருந்து இறங்கியாக வேண்டும் அல்லவா? நாம் கணக்கில் எடுத்துக்கொண்ட 6,000 கிலோ எடை 900 மீட்டர் உயரத்திலிருந்து கீழே வரும்போது, ஏறத்தாழ 5 கோடியே 30 லட்சம் ஜூல் ஆற்றலை எங்கேனும் கரைத்தாக வேண்டும். 180 லிட்டர் நீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்கும்வரை காய்ச்சுவதற்கு அது போதும். காற்றின் தடை அதில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளும். மீதி முழுவதையும் பிரேக்குகளின்மேல் சுமத்தினால், அவை பழுக்கக் காய்ந்து பிடிப்பை இழக்கும். மிதியை அழுத்தினாலும் வண்டி நில்லாத நிலை வரும். அம்மாநிலத்து மலைச் சாலைகளின் ஓரத்தில், தறிகெட்டு ஓடும் பார வண்டிகள் ஏறிப் புதைந்து நிற்பதற்கென்றே சரளை பரப்பிய ஏற்றப் பாதைகளை அமைத்திருக்கிறார்கள். அவற்றின்மேல் பதிந்த சக்கரத் தடங்களை நான் கண்டதுண்டு. ஒவ்வொரு தடமும் ஒரு குடும்பம் பிழைத்த கதை.

இறக்கம் தொடங்குவதற்கு முன்னரே கீழ்க் கியருக்கு வந்துவிட வேண்டும். அப்போது சக்கரங்கள் எஞ்சினைச் சுழற்ற வேண்டியிருக்கும்; எஞ்சினின் எதிர்ப்பே வண்டியைப் பிடித்து நிறுத்தும்; பெரும்பகுதி வெப்பம் எஞ்சினின் வழியே வெளியேறும். பிரேக்கை இடையிடையே உறுதியாக மிதித்து விடுவிக்க வேண்டும். ஓயாமல் மெல்ல மிதித்துக்கொண்டே வருவது ஆபத்து. இழுவண்டிக்கும் தனிப் பிரேக்குகள் இருந்து, அவை நல்ல நிலையில் உள்ளனவா என்பதைப் புறப்படும்போதே சோதித்தல் வேண்டும். கெட்டுப்போன கியர்ப் பெட்டியோடு மலையிறங்குபவர்க்கு இந்தத் துணையே இல்லாமற்போகும். எண்ணெயைக் காப்பது உயிரைக் காப்பதாக முடிவது இங்கேதான்.

சரிவில் வண்டியை நிறுத்திவிட்டுச் செல்வதற்கும் ஒரு முறை உண்டு. பார்க் நிலையில், ஒரு சிறு இரும்புக் கொக்கி பற்சக்கரத்தில் விழுந்து பூட்டுகிறது. அவ்வளவு பெரிய சுமையை அச்சிறு கொக்கியின்மேல் சாய்ப்பது தகாது. சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்து, வண்டி அதன்மேல் அமர்ந்தபின் கைப் பிரேக்கைப் போட்டு, இறுதியாகவே பார்க் நிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முடிவாக, எண்ணெயை மாற்றுதல். வாழ்நாள் முழுவதும் மாற்ற வேண்டாம் என்று சில வண்டிகளைப் பற்றிக் கூறப்படுவதுண்டு. அத்தகைய கூற்றுகள் பொதுவாகத் தனியாக ஓடும் வண்டியை மனத்தில் கொண்டவை. சுமை இழுத்தல், மலையேற்றம், கடும் வெயில் ஆகியவற்றைக் கையேடுகள் கடினப் பணி என்று வேறு பிரித்து, குறுகிய இடைவெளியைக் கூறுகின்றன. கையேட்டின் அந்தப் பக்கத்தைப் படிப்பவர் சிலரே. உரிய காலத்தில் எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றுவதும், அந்தக் கியர்ப் பெட்டிக்கென்று குறிக்கப்பட்ட எண்ணெயை மட்டுமே ஊற்றுவதும் இன்றியமையாதவை. மாற்றும்போது பழைய எண்ணெயை வெள்ளைத் துணியில் ஒரு துளி விட்டுப் பார்க்க வேண்டும். நிறமும் மணமும் பெட்டியின் உள்நிலையைக் கூறிவிடும்.

மாணவ நண்பர்களே, நீங்கள் எல்லோரும் பிக்கப் வண்டி ஓட்டப் போவதில்லை. அமெரிக்க மலைகளில் ஏறப் போவதுமில்லை. ஆயினும் வெப்பத்தின் கணக்கை எந்த எந்திரமும் ஏமாற்ற முடியாது. கிணற்றடியில் ஓடும் பம்புசெட்டு மோட்டாரும், தெருமுனையில் நிற்கும் மின்மாற்றியும், உங்கள் மேசைமேல் உள்ள கணிப்பொறியும் இதே விதிக்கு உட்பட்டவையே. அவற்றில் ஏதேனும் ஒன்றைத் தொட்டுப் பார்க்கும்போது வழக்கத்துக்கு மாறாகச் சூடு தெரிந்தால், எந்த ஆற்றல் எவ்விடத்தில் வீணாகிறது என்று கேளுங்கள். விடையைக் காகிதத்தில் கணக்கிட்டுப் பாருங்கள். பழுது நேர்ந்தபின் பிரித்துப் பார்க்கும் செலவைவிட, அந்தக் காகிதத்தின் விலை மிகக் குறைவு.